சுற்றுக் கணக்கு

கருகிய வார்னிஷை முகர்ந்தே சொல்லிவிடுவான்,
தண்ணீர் இறங்கியதா, கப்பாசிட்டர் போனதா,
இல்லை, வோல்டேஜ் விழுந்த ராத்திரியில்
மோட்டரை ஓடவிட்டுத் தூங்கிப்போனாயா என்று.
கடைசிக் கேள்வியை
கொண்டுவந்தவன் முகத்துக்கு நேரே கேட்பான்.
கெப்பெட்டிபொலைக்காரனைச் சிங்களத்தில்,
கந்தப்பளைக்காரனைத் தமிழில்.
அதில் பாகுபாடு கிடையாது.

பெயர் குணசீலன்.
ராகலை பஸாரில்
அதைச் சொல்லிச் சிரிக்காதவர் குறைவு.

மாதத்தில் இரண்டு திங்கள் வரமாட்டான்.
அடித்தால் போன் எடுக்கமாட்டான்.
லீக்ஸ் பாத்திகள் காய்கிறதென்று
மூன்று பேர் வாசலில் நின்று என்னைத் திட்டுவார்கள்.
செவ்வாய் பத்து மணிக்கு வந்து
ஸ்டூலை இழுத்துப் போட்டு
மூன்றையும் பனி இறங்குமுன் கட்டி முடிப்பான்.
அவன் கட்டியது எதுவும்
இதுவரை எங்கள் கடைக்குத் திரும்பி வந்ததில்லை.

அவர் கட்டாரில்.
கல்லாவில் நான்.
கொழும்புக்குப் போய்ச் சாமான் எடுப்பது கொழுந்தன்.
"முதல்ல கணக்கை எழுதி வாங்குங்க அண்ணி,
பொறகு ஆளைப் பாத்துக்கலாம்."

சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன்.
குதிரைவலு, ஸ்லொட், சுற்று, கேஜ், குறிப்பு என்று
கட்டம் போட்டேன்.
நூலில் பேனையையும் கட்டிவிட்டேன்.
இரண்டு மாதம்
அதன் மேல் பிளேன்டீ கிளாஸை வைத்தான்.
அட்டையெல்லாம் வட்டம்.

கேட்டேன்.
"எழுதித் தந்தா கொப்பிய வச்சுக்கிட்டு
என்னைய அனுப்பிடுவீங்க."
கோபமில்லாமல்தான் சொன்னான்.
செம்புக்கம்பி விரலிடுக்கில் ஓடிக்கொண்டிருந்தது,
பேச்சுக்கு நடுவிலும்
ஒரு சுற்றுப் பிசகவில்லை.
இல்லையென்று சொல்ல வாய் திறந்தேன்.
முந்தின இரவு சோற்றுக்கு முன்னால்
நாங்கள் பேசியதே அதுதான்.

அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு
என் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினேன்.
ஒன்பது வருடம்.
கம்பி தந்த கடையின் பெயர், விலாசம்,
கரண்ட் பில்,
எலிக்காக வளர்க்கும் பூனைக்கு வாங்கிய டின்மீன்.
அவனுக்கு ஒரு சொல்: கூலி.
பக்கத்தில் தொகை.
பெயர் ஓரிடத்திலும் இல்லை.

"ஐடென்டி கார்டைக் கொண்டு வா" என்றேன்.
"பொலீசுக்கா?" என்றான்.

ஈ.பி.எஃப். பாரத்தைப் பார்த்த கொழுந்தன்
ஒரு கிழமை என்னோடு பேசவில்லை,
பன்னிரண்டு வீதம் நம் மடியிலிருந்தா என்று.
குணசீலனும் கத்தினான்,
எட்டு வீதத்தை எவனைக் கேட்டு வெட்டுகிறீர்கள் என்று.
அப்பா பெயர் மருதை, மருதன் இல்லை,
எழுதத் தெரியாதா என்று வேறு.
திருத்தினேன்.
அதே மூச்சில் சொன்னேன்:
சொல்லாமல் நின்றால் அந்த நாள் சம்பளம் இல்லை.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.
பாரத்தில் கையெழுத்தை மட்டும்
மெதுவாக, கோணாமல் போட்டான்.

பத்து நாள் கழித்து
கொப்பியைத் துடைக்க எடுத்தேன்.
முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி.
ஒரு குதிரைவலு. இருபத்துநாலு ஸ்லொட்.
சுற்றும் கேஜும் சுத்தமான எழுத்தில்.
குறிப்பு என்ற கட்டத்தில்:
"கந்தப்பளை ஆள். தூங்குமூஞ்சி."

அடுத்த பக்கம் வெறுமை.
மற்ற மோட்டரெல்லாம் இன்னும் அவன் தலைக்குள்.
நான் கேட்கவில்லை.
பேனைக்கு மட்டும்
கொஞ்சம் நீளமான நூல் கட்டினேன்.

அடுத்த திங்கள்
ஏழே முக்காலுக்குப் போன் அடித்தது.
"குணசீலன். இன்னைக்கு வரமாட்டேன்."
வைத்துவிட்டான்.